ராஜம்மா அக்காவின் கிளட்ச்

மாசாய் ஊரில் எங்கள் வீட்டு வரிசையில் காலையில் கடிகாரம் பார்க்கிறவர்கள் குறைவு. ராஜம்மா அக்காவின் பள்ளி வேன் வந்தால் மணி ஆறு. பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார், அடைமழையிலும் பிந்தியதில்லை. வாய்தான் கொஞ்சம் காரம். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே பெல்ட் மாட்டிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் பிந்தினார். எஞ்சின் உறுமுகிறது, வேன் ஊர்ந்துதான் வருகிறது, கிளட்ச் வழுக்குகிறது. திங்கட்கிழமை பள்ளி இறுதியாண்டின் எஸ்.பி.எம். தேர்வு. என் மகள் ஷர்மினியோடு சேர்த்து ஆறு பிள்ளைகள் அந்த வேனை நம்பித்தான் இருந்தார்கள்.

சனிக்கிழமை நானும் அக்காவோடு பட்டறைக்குப் போனேன். பட்டறை அவர் தம்பி காளியப்பனுடையது. கியர்பாக்ஸை இறக்கி, கழற்றிய மூன்று சாமான்களையும் பத்திரிகைத் தாளில் பரப்பி வைத்திருந்தார். கிளட்ச் தட்டு தேய்ந்தே போயிருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் கவரும், பெடலை மிதித்தால் வேலை செய்யும் பேரிங்கும் பார்வைக்குப் பழுதில்லை.

"தட்டு மட்டும் மாத்துனா போதும்க்கா. இன்னைக்கே முடிச்சிரலாம்," என்றார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா பேரிங்கை எடுத்துச் சுழற்றினார். கரகரவென்றது.

"காளி, முன்னப்பின்ன தெரியாத தவுக்கே மொதலாளி ஒருத்தரு இதே வேன கொண்டாந்தா என்ன செய்வ?"

"மூணையும் மாத்துவேன்."

"ஏன்?"

"மூணும் ஒண்ணாத் தேஞ்சதுக்கா. ஒண்ண மட்டும் மாத்துனா, மிச்சம் போறப்ப மறுபடி கியர்பாக்ஸ எறக்கணும் லா."

"அப்ப நான் மட்டும் என்ன எளப்பமா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன மாதம் ஒரு பரிசத்தில் சொந்தக்காரர் ஒருவர், அக்கா வேனில் காசு கறந்தே தம்பி கடையை ஓட்டுகிறான் என்று பந்தியில் சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து இவர் அந்த வேனில் ஒரு திருகாணியைக்கூடக் கூடுதலாகத் தொடுவதில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அக்காவுக்கு எரிச்சல் மட்டும்தான். "ஊரா என் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போவுது? ஹைவேல நின்னா ஊரு வந்து தள்ளுமா? மூணையும் மாத்துடா!"

சாமான் தெப்ராவிலுள்ள உதிரிபாகக் கடையிலிருந்து ஞாயிறு மதியம்தான் வந்து சேர்ந்தது. அதுவரை நான் கும்பிடாத சாமி இல்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வேன் வாசலில் நின்றது. ஷர்மினி ஏறிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிளட்ச் எப்படிக்கா?"

"வெண்ண மாதிரி இருக்கு. ஆனா நான் அவன்கூடப் பேசல. யாரோ சிரிச்சான்னு எனக்குப் போயி அர வேல பாக்க நெனச்சான்ல."

சொல்லிக்கொண்டே, பக்கத்து சீட்டில் சாயப்போன தூக்குச்சட்டியை நிமிர்த்தி வைத்தார். இட்லியும் சம்பலும் மணத்தன.

"இது யாருக்குக்கா?"

"அவனுக்குத்தான். நேத்து மத்தியானத்துலருந்து வயித்தக் காயப்போட்டு வேல பாத்துருக்கான். பிள்ளைங்கள எறக்கிட்டுப் போயி வச்சிட்டு வந்துருவேன். பேச மாட்டேன்."