மாடியிலிருந்து பார்த்த மீன்கள்

சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி போர்ஷன் பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரம்மா ஞானாம்பாள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"நீங்க சைவந்தானே?"

"ஆமாங்க" என்றான் பழனிவேல்.

பக்கத்தில் நின்ற தமிழினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலூர் முதுநகரில் அவள் அம்மா பட்டம்மாள் மீன் விற்கிறவள். பழனிவேலும் அதே கரையில் பிறந்தவன்தான். ஆனால் அவன் அதற்கு முன் நாலு வீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டான். நாலிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆபீசில் குமாஸ்தா நாற்காலி கிடைத்தவனுக்கு ஊருக்குள் தலைசாய்க்க இடம் கிடைக்கவில்லை. அது 2006. கல்யாணமாகி ஆறு மாதம்.

தமிழினி விலங்கியல் படித்தவள். காலேஜில் அவள் ரெக்கார்டு நோட்டில் வரைந்த மீன்களைப் பார்க்க மற்ற வகுப்புப் பெண்களே வருவார்கள். சிதம்பரம் வந்த பிறகு வேலைக்குப் போக வேண்டாமென்றான் பழனிவேல், ப்ரீத்தி பிறந்தாள், நாலு சுவர்தான் உலகம் என்றாகிவிட்டது. மத்தியானம் குழந்தை தூங்கும்போது பழைய மாதக் காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் மீன் வரைந்தாள். வவ்வால், கிழங்கான், சங்கரா. காரப்பொடியின் வெள்ளி மினுக்கு எந்த வர்ணத்திலும் வரவில்லை. பென்சிலை அழுத்தித் தீட்டி விரலால் தேய்த்தபோது ஓரளவு வந்தது.

முதல் படத்தைச் சுவரில் ஒட்டியதும் பழனிவேல் கழற்றிவிட்டான்.

"கீழ இருந்து அவுங்க வந்தா என்ன சொல்லுவ?"

"படந்தானே மாமா."

"படத்துக்கும் வாசம் அடிக்கும் தமிழு."

அன்றிலிருந்து படங்கள் பீரோ மேலே பாய்ச்சுருட்டுக்குள் போயின. நாளாக ஆக ஞாபகம் மங்கியது. வஞ்சிரத்துக்கு வரி எங்கே தொடங்கும் என்பதே சந்தேகமாகிவிட்டது.

கடலூர் ரயில் பாதையை அகலப்படுத்தி முடித்து 2010-ல் வண்டி விட்டார்கள். அதில் ஏறி முதுநகரிலிருந்து செல்லாயி என்றொருத்தி கூடையோடு அந்தச் சந்துக்கு வர ஆரம்பித்தாள். எதிர்வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போது தமிழினி மாடி ஜன்னலில் நிற்பாள். அதனால்தான் அதற்குப் பிறகு அவள் வரைந்த படங்களில் மீன்கள் எல்லாம் மேலிருந்து பார்த்த மாதிரி, முதுகு காட்டிக் கிடக்கும்.

ஒரு நாள் செல்லாயி நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"ஏ பொண்ணு, நீ பட்டம்மா மவ இல்ல?"

கீழே ஞானாம்பாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தமிழினி ஜன்னலைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இல்லீங்க. நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

செல்லாயி ஒரு கணம் பார்த்தாள். பிறகு சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்த பட்டம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா இருக்கியாடி? ஒடம்பப் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். அவள் கோபமாகத் திட்டியிருந்தால் தமிழினிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. விடியற்காலைக் காற்றில் மாடி ஜன்னல் பெயர்ந்து விழுந்தது, பாய்ச்சுருட்டு பறந்தது. மழை விட்டபின் ஞானாம்பாள் முற்றத்திலிருந்து பொறுக்கிய நனைந்த தாள்களோடு படியேறி வந்தாள்.

"எல்லாம் மீனா இருக்கே. கொழந்த வரைஞ்சதா?"

பழனிவேல் முந்திக்கொண்டு தலையாட்டினான். ப்ரீத்தி அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் தமிழினியால் தாங்க முடியவில்லை.

"நாந்தாங்க வரைஞ்சேன். எங்கம்மா மீன் விக்கிறவங்க. அவரு வீடும் அப்படித்தான்."

ஞானாம்பாள் தாள்களை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு இறங்கிப் போனாள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. தை பிறந்ததும், ஊரிலிருந்து மகன் வருகிறான், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

மறுபடி வீடு தேடி அலைந்தார்கள். இந்தத் தடவை யாராவது கேட்பதற்கு முன்னால் தமிழினியே சொன்னாள்: "மீன் சமைப்போம்." மூன்று வீடு போயிற்று. கடைசியில் கீரப்பாளையம் பக்கம், வயலை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு அமைந்தது. பகலில் அடுப்புக்குள் இருப்பதுபோல் கொதிக்கும். பழனிவேல் ஆபீசுக்கு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. சந்திலாவது ஜன்னல் இருந்தது என்று சில நாள் தோன்றும்.

அங்கே அவள் மீனை விட்டுவிட்டு, மீன் அரியும் அம்மாவை வரைந்தாள். மூன்று தடவை அழித்து வரைந்து சுவரில் ஒட்டினாள். ஒரு சாயங்காலம் பழனிவேல் சட்டையைக் கழற்றியபடியே அதன் முன்னால் நின்றான். கிழித்துவிடுவானோ என்று இவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அருவாமனையில இப்படி ஒக்கார மாட்டாங்க" என்றான் அவன். "எங்கம்மா வலது கால மடிச்சு, கட்டை மேல வெச்சு அமுக்கியிருக்கும்."

செய்து காட்டுவதற்காகத் தரையில் உட்கார்ந்தான். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.