மாமனார் எடுத்த மீசை

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, நினைத்துத் தள்ளிப்போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. நாட்டுக்காக உயிரைக் கொடுத்த மனிதரைப் பற்றி எழுத வந்து, அவர் மீசையைப் பற்றி எழுதினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஆண்டவர் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

அவர் என் மாமனார். சாதாரணச் சிப்பாய். எல்லையில் நடந்த சண்டையில் இறந்தபோது என் மனைவி தாய் வயிற்றில் இருந்தாள். அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுச் சுவரில் அவர் முறுக்கு மீசையோடு படமாக இருக்கிறார். ஜெபமாலை முடிந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"என்னங்க, நான் அம்மா வயித்துல இருந்தது எங்கப்பாவுக்குத் தெரியுமா? தெரியாமலே போயிட்டாகளா?"

லீவில் வந்து திரும்பிய அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவரிடம் அந்தச் சேதியைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று அவள் அம்மாவுக்கே கடைசிவரை தெரியாது.

ஒருநாள் தேனி மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோன இடத்தில், கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் தன் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். மாமனார் இருந்த அதே படைப்பிரிவில் இருந்தவராம். மறுநாளே நானும் என் மனைவியும் பஸ் ஏறினோம்.

பெரியவர் முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் கயிறு கையிலேயே நின்றுவிட்டது. உள்ளே போய் ஒரு போட்டோவோடு வந்தார். மூன்று சிப்பாய்கள், ஒரு கூடாரத்தின் முன்னால்.

"இதுல உங்கப்பன் யாருன்னு சொல்லு, ஆத்தா."

அவள் யோசிக்காமல் மீசைக்காரர் மேல் விரலை வைத்தாள்.

"அடியாத்தே, அது நானு! இந்தா, மொழுமொழுன்னு நிக்கிறானே, இவன்தான்."

"எங்கப்பாவுக்கு மீசை இருக்குமே, பெரியப்பா?"

"இருந்துச்சு. உனக்காகத்தான் எடுத்தான்."

சேதி கொண்டுபோனவர் அவரேதான். "உங்கம்மா வெக்கப்பட்டு அடுப்படிய விட்டு வெளியவே வரல. பக்கத்து வீட்டுக்காரவுகதான் சொன்னாக. அங்கன போயி நான் சொன்னதும் பய குதியாக் குதிச்சான். தாயும் பிள்ளையும் நல்லபடியா இருக்கணும், மொட்டை போடுறேன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டான். பட்டாளத்துல தலையில முடி ஏது? சரி, இருக்கிறதக் குடுக்கிறேன்னு மீசைய எடுத்துட்டான். மறுநாள் வரிசையில நின்னா, ஆபீசர் இவனத் தாண்டிப் போயி, புது ஆளு யாருன்னு கேக்குறாரு!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. சிரிப்பும் நிற்கவில்லை.

"மறுபடி முளைக்குமுன்ன சண்டை வந்துருச்சு," என்றார் பெரியவர் மெல்ல. "எனக்குக் கால்ல அடி. தேறி வந்து உங்க வீட்டத் தேடுனேன். உங்கம்மா பிறந்த ஊருக்குப் போயிட்டதாச் சொன்னாக." பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க இவளுக்காக என்னத்த எடுத்தீக?"

என் கை தானாக என் மீசைக்குப் போனது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. பக்கத்து சீட்டு அம்மாவிடம், கண்டக்டரிடம், கூடைக்காரியிடம், எல்லோரிடமும் சொன்னாள். "எங்கப்பாவுக்கு என்னையத் தெரியும். எனக்காக மீசைய எடுத்தாக." அத்தனை வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தேனியில் இறங்கும்போது பின்சீட்டுக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது: "எதிரிய ஜெயிக்காம மீசை வைக்க மாட்டேன்னு சபதம் போட்டாராம்ல!"

அவர் சபதம் எதுவும் போடவில்லை. பிள்ளை வரப்போகிற சந்தோஷத்தில் மீசையை எடுத்தார், அவ்வளவுதான். என் மனைவிக்கு அதுவே போதும். இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் வீட்டிலும் கோவில் வாசலிலும் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்றையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவரைப் பெரிய வீரராக்கிவிட்டால், அவள் தேடிக் கண்டுபிடித்த அப்பா மறுபடியும் காணாமல் போய்விடுவார்.