அக்காவுக்குக் காமாலையா?

போன வாரம் பெங்களூரில் ஒரு கல்யாணம். போட்டோ எடுக்க வந்த பையன், மணப்பெண் கையில் ஒரு சாம்பல் நிற அட்டையைக் கொடுத்து முகத்தருகே பிடிக்கச் சொல்லிவிட்டு, கேமராவில் எதையோ திருகினான். "இன்னாத்துக்குப்பா அது?" என்று கேட்டேன். "இல்லேன்னா இந்த லைட்டுக்கு முகம் மஞ்சளா வந்துடும் ஆன்ட்டி" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகம் மஞ்சளாய் வந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை எங்கள் வீட்டைக் கேட்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிது. கரும்பலகையில் என் வரிகள் மேலேறிக்கொண்டே போகும். பிள்ளைகள் தலையைச் சாய்த்துப் படிப்பார்கள். அக்காவுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு பிலாயில் இரும்பாலை வேலை, சொந்த ஊர் வேலூர். போட்டோ கேட்டார்கள்.

கப்பலில் வேலை செய்த பெரியப்பா மகன் சேகர் அண்ணன் அப்போது லீவில் வந்திருந்தான். கேமராவோடு கலர் பிலிமும் கொண்டுவந்திருந்தான். சாயங்காலம் அக்காவுக்குத் தலை நிறையப் பூ வைத்து, முன்னறையில் பெரிய பல்பாக மாட்டி எடுத்தான். பிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வர மாதமாயிற்று.

படம் வந்தது. சுவர், மல்லிகை, அக்காவின் பல் எல்லாம் ஒரே மஞ்சள். கலர் என்றால் இப்படித்தான் போலும் என்று நாங்களே முடிவு செய்து அனுப்பிவிட்டோம்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் தாய்மாமா நேரிலேயே வந்துவிட்டார். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"மறைக்காம சொல்லுங்க. பொண்ணுக்குக் காமாலையா?"

சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த அப்பாவின் முகம் சுருங்கியது. "வாசலுக்கு வாம்மா. வெளிச்சத்துல நில்லு" என்று அக்காவை அழைத்தார். அவள் வந்தாள். யாரும் கேட்காமலே கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். நீர் தளும்பிய அந்தக் கண் பால் வெள்ளையாக இருந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

சேகர் அண்ணன்தான் பேசினான். "தப்பு எம்மேலதான் மாமா. பகல் வெளிச்சத்துக்குன்னு செஞ்ச பிலிம் இது. பல்பு வெளிச்சம் மஞ்சள், அதை அப்படியே புடிச்சிகிச்சி."

"பல்பு மஞ்சளா? வெள்ளையாத்தானே தெரியுது?" என்றார் மாமா.

அண்ணன் துவைத்த வேட்டி ஒன்றை எடுத்து நிலைப்படிக்குக் குறுக்கே விரித்தான். பாதி வாசலில், பாதி பல்புக்குக் கீழே. பொழுது சாயும் நேரம். ஒரே வேட்டிதான். வாசல் பக்கம் நீலம் பாரித்துக் கிடந்தது. உள்ளே மஞ்சள் குளித்திருந்தது. அம்மா குனிந்து, நிறம் மாறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இத்தனை காலம் இரண்டையும் வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்த என் கண்ணை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்பா வாசல் பக்கத்து நீலத்தைக் காட்டினார். "சுரங்கத்துக்குள்ள பூரா பல்பு வெளிச்சந்தான். கேஜ்ல ஏறி மேல வந்ததும் கொஞ்ச நேரம் எல்லாமே நீலமாத் தெரியும். கண்ணு போயிட்டு வருதுன்னு நெனச்சேன். வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல" என்றார். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி. மாமா மெல்ல எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "காபி ஆறிப்போச்சி. வேற கலந்து குடுக்கச் சொல்லுங்க சம்பந்தி."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள்.

அதே பிலிமில், அதே பல்புக்குக் கீழே, சேகர் அண்ணன் அம்மாவையும் தனியாக ஒரு படம் எடுத்திருந்தான். அவளுக்கென்று இருக்கும் கலர் போட்டோ அது ஒன்றுதான். அதில் அவள் புடவை கருத்த பழுப்பாக விழுந்திருக்கிறது. நிஜத்தில் அது என்ன நிறம்? நான் பச்சை என்கிறேன். அக்கா நீலம் என்று அடித்துச் சொல்கிறாள். அப்பாவும் இல்லை, சேகர் அண்ணனும் இல்லை. கேட்க ஆளில்லை.