கம்பியில் குத்திய கேள்விகள்

இன்றைக்கும் அவள் எதிரே வந்தால் நான் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒரே டிபன் டப்பாவில் தின்ற தோழி. அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல். வேறு யாராவது செய்திருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒடுகத்தூரில் வேர்க்கடலை மண்டிக்கு மேலே ஓர் அறையில் தமிழ் மன்றம் நடத்தினோம். அவள் செயலாளர். கேள்விப் பெட்டி என் பொறுப்பு. பெட்டி என்ன பெட்டி, ஒரு பால் பவுடர் டின். மூடியில் கத்தியால் கீறி வாய் வைத்திருந்தோம். இலக்கணச் சந்தேகங்களைப் பேர் போடாமல் எழுதிப் போடலாம். நான் பிரிப்பேன். யாப்பு, தளை என்று வருபவை மேடையில் புலவர் ஐயாவிடம் போகும். ரெண்டு சுழி எங்கே, மூணு சுழி எங்கே என்கிற அரிச்சுவடிக் கேள்விகளைக் கடையில் பில் குத்துகிற மாதிரி ஒரு கம்பியில் குத்திவிடுவேன். கம்பிக்குப் போனது மேடைக்கு வராது. எழுதியவர் யாரென்று தெரிந்தால், அடுத்த சந்தை நாளில் தனியாகச் சொல்லிக்கொடுப்பேன். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது.

தெரியாமல் என்ன? பழைய பில்லின் முதுகில் எழுதியிருந்தால் மண்டிக் கணக்குப்பிள்ளை. பீடிக்கட்டு லேபிளில் எழுதியிருந்தால் பீடி சுற்றுகிற அம்மா. ஓரமெல்லாம் புளிக்கறையோடு பிசுபிசுவென்று வந்தால் அது மலைக்காரி. பேர் இல்லாவிட்டால் போதும், மற்றவர்களுக்கு ஆள் தெரியாது என்று அத்தனை பேரும் நம்பினோம், மண்டூகங்கள்!

மலைக்காரி என்னைவிடச் சின்னவள். ஜவ்வாது மலையில் கொஞ்சம் சாமை, நாலு புளியமரம் என்று பிழைக்கிற குடும்பம். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் புளி கொண்டுவருவாள். அவள் ஊரில் பால்வாடி திறக்கப்போகிறார்கள், எட்டாவது படித்த உள்ளூர்ப் பெண் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டும். எட்டாவது படித்தவள் அங்கே இவள் ஒருத்திதான். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு வருஷக்கணக்காகி, எழுத்து கைவிட்டுப் போயிருந்தது.

"சின்னப் புள்ளைங்க கேக்கறதக் கேக்கறேன்னு சிரிக்க மாட்டியேக்கா?"

"சிரிச்சா என் பல்ல ஒடைடி."

புளிக்கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, வருகிறவர்களுக்குப் புளி நிறுத்துப் போட்டுக்கொண்டே எழுதிப் பழகினாள். வாரத்துக்கு வாரம் எழுத்து நிமிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு முன்பு தோழி வந்தாள். "அந்தக் கம்பியக் குடுடி. அடிப்படை இலக்கணத்துக்கு ஒரு சின்னப் புஸ்தகம் போடலாம்னு கீறேன். ஜனங்களுக்கு எது தெரியலன்னு பாக்கணும்."

நல்ல யோசனையாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய்க் கொடுத்தேன். "பாத்துட்டுக் கிழிச்சுப் போட்டுடு."

"அட, எனக்குத் தெரியாதாடி?"

விழாவன்று வேலூர்ப் பேச்சாளர் வந்து சேரவில்லை. கூட்டம் நெளிந்தது. தோழி மைக்கைப் பிடித்தாள். கையில் என் கம்பி. "அவர் வர்ற வரைக்கும் கொஞ்சம் சிரிக்கலாமா?" என்றாள். ஒவ்வொரு சீட்டாக உருவி, தூக்கிக் காட்டி, எழுதியவர்கள் பேசுகிற மாதிரியே இழுத்து இழுத்துப் படித்தாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கறை படிந்த சீட்டு வந்ததும் அதை மூக்கருகே கொண்டுபோய், "அம்மாடி, ரசமே வைக்கலாம்!" என்றாள். அத்தனை தலையும் சந்தை முடிந்து நேரே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மலைக்காரியின் பக்கம் திரும்பியது.

"நிறுத்துடி!" என்று எழுந்து கத்தினேன். மைக்குக்கு முன்னால் என் தொண்டை எம்மாத்திரம்?

"இதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்த என் உயிர்த்தோழிக்கு ஒரு கைத்தட்டல்!" என்றாள் பாவி.

தட்டினார்கள். இப்போது தலைகள் என் பக்கம் திரும்பின. மலைக்காரியும் திரும்பிப் பார்த்தாள். பிறகு காலிக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் தோழியின் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். தலை சீவிக்கொண்டே, "இன்னாடி இப்ப? தமாஷுக்குப் பண்ணது. யார் பேரையாவது படிச்சனா?" என்றாள்.

அன்றோடு அவள் வாசலை மிதிப்பதை விட்டேன்.

மலைக்காரி அதற்குப் பிறகு சந்தைக்கு வரவில்லை. விண்ணப்பத்துக்குக் கெடு முடியப்போகிறதே என்று பதறி, வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினேன். வாசலில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள்.

"நான் படிக்கலடி. அவதான்..."

"கம்பி உன் கையிலதானக்கா இருந்துது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் எப்போதும் போலத்தான் பேசினாள். ரெண்டே பக்கம், இங்கேயே எழுது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கெஞ்சினேன்.

"எழுதுனா அதையும் எங்கனா படிச்சுச் சிரிப்பாங்க. வாணாம்க்கா."

கொஞ்ச நேரம் கழித்துக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளைக் கேட்டாள். மனசு மாறிவிட்டது என்று பேனாவின் மூடியைக் கழற்றினேன். அவள் தாளைத் தரையில் விரித்து, அதில் இரண்டு கை புளியை அள்ளி வைத்து, நன்றாக மடித்து என் மடியில் வைத்தாள்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போக்கா. பஸ் வர்ற நேரம்."