பூட்டிய அலமாரியில் நாற்பது புத்தகங்கள்

பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் சோதனைப் பொறியாளராக இருந்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவள் நான். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. யார் எடுத்தார், எப்போது திருப்பி வைத்தார் என்று பதிவு உண்டு. சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பு கிடைத்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனேன்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். முதல் மாதமே பட்டியல் போட்டேன்: தடுமாறாமல் வாசிப்பவர்கள் ஐந்து பேர், எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் ஆறு பேர், வாசிக்கச் சொன்னதும் மேசைக்கடியில் பென்சிலைத் தேடுபவர்கள் மூன்று பேர். பாடநூலைத் தவிர வேறு தமிழ்ப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு கைகள் உயர்ந்தன. அதில் ஒருவன் சொன்னது சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியை.

நான் குடியிருப்பது ஜார்ஜ் டவுனில். அந்தச் சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போய் விசாரித்தேன். ஆசிரியர்களுக்கென்று ஒரு சேவை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு பள்ளித் தவணைக்கு நாற்பது புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வகுப்புக்குக் கொடுப்பார்கள். என்ன பாடம் நடத்தப்போகிறோம் என்று முன்பே சொன்னால் அதற்கேற்ற புத்தகங்களைத் தேடி வைப்பார்கள். தமிழுக்கு மொத்தம் மூன்று பெட்டிகள்தான். கேட்டுக் காத்திருக்கும் பள்ளிகள் அதைவிட அதிகம். வாசிப்பு நடக்கிறது என்று தெரிந்தால் பெட்டியைப் புதுப்பிப்பார்கள். இல்லையென்றால் அது அடுத்த பள்ளிக்குப் போய்விடும்.

இதைக் கவனித்துக்கொண்டவர் ஒரு தமிழ் முஸ்லிம் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒரு பெட்டி அப்போதுதான் திரும்பி வந்திருந்தது; இதுவரை பெட்டியே வாங்காத பள்ளிக்கு முன்னுரிமை உண்டு என்றார். விதிமுறைத் தாளை நீட்டி, "படிச்சுப் பார்த்து கையெழுத்துப் போடுங்க டீச்சர்" என்றார். படித்தேன். தொலைந்தாலும் சேதமானாலும் ஆசிரியரே பொறுப்பு என்ற வரியின் கீழ் கோடு போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு வாசகர் தாள் ஒட்டியிருக்கும், படித்தவர்கள் அதில் பெயரும் தேதியும் எழுத வேண்டும் என்றும் இருந்தது. நூலகப் புத்தகத்தில் பிள்ளைகளின் பென்சில் படுவதா? அந்த விவரத்தைக் கணினியில் நானே பதிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

தலைமையாசிரியர் பெட்டியைப் பார்த்ததும், "அம்மாடி, எல்லாம் புதுசு மாதிரி இருக்கே. காணாப் போனா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அலுவலக அறையில் இருந்த கண்ணாடி அலமாரியைக் காலி செய்து கொடுத்தார். சாவி அவரிடம். நான் நாற்பது புத்தகங்களுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டேன். பிறகு விதிகள் எழுதினேன். ஒன்று, கையைக் கழுவிவிட்டு வர வேண்டும். இரண்டு, வியாழக்கிழமை ஒரு பாடவேளை மட்டும். மூன்று, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

ஒரு வியாழன் விளையாட்டுப் போட்டி. இன்னொரு வியாழன் தேர்வு. மற்றொன்றில் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனபோது சாவியும் அவரோடு போய்விட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. அதுதான் முக்கியம் என்று நினைத்தேன்.

தவணை முடிந்ததும் பெட்டியை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். நாற்பதுக்கு நாற்பது. ஒரு கீறல் கிடையாது. அக்கா ஒரு புத்தகத்தை எடுத்து நேராகப் பின்னட்டையைத் திறந்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். வாசகர் தாள்கள் வெறுமையாக இருந்தன. கணினி அட்டவணையைக் காட்டினேன். அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு பிள்ளைக்கு மொத்தமா எத்தனை மணி நேரம் டீச்சர்?"

"இரண்டரை" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

"உங்க வீட்டுல சரஸ்வதி பூசைக்கு ஒரு நாளுதானே புத்தகத்தைத் தொடாம வைப்பீங்க? நீங்க ஒரு தவணை பூராவும் வச்சிட்டீங்க லா."

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"முதல் தடவைங்கிறதால இன்னொரு தவணை தர்றேன். அடுத்ததும் இப்படியே வந்தா பெட்டி வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். வந்து சண்டை போடக்கூடாது, சரியா?"

வீடு திரும்பியதும் பழைய விதிகளை அழித்தேன். புதிதாக ஒரே ஒரு வரி எழுதினேன்: புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை அதைச் சொன்னபோது தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்கா? தம்பி தங்கச்சி கிழிச்சிருவாங்க. எல்லாம் என் தலையில விழும்."

"என் தலையில விழட்டும், டீச்சர். எழுதித் தர்றேன்" என்றேன்.

எழுதியும் கொடுத்தேன். பெட்டி வகுப்பறைக் கதவின் அருகே வந்தது, மூடி இல்லாமல். பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றினேன். ஆளுக்கு இரண்டு புத்தகம். முடித்ததும் தாளில் பெயர் எழுதிவிட்டு வேறு எடுக்கலாம் என்றேன். யாரும் நகரவில்லை. போன தவணை நான் அவ்வளவு மிரட்டியிருக்கிறேன். கடைசியில் ஒருத்தி எழுந்து வந்தாள். பென்சில் தேடும் மூவரில் ஒருத்தி. கடலாமைகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்தாள்.

"இதுல நான் ஒம்பதாவது பக்கம் வரைக்கும் வந்தேன் டீச்சர். மணி அடிச்சிருச்சு. அடுத்த வாட்டி வேற ஆளு எடுத்துட்டாங்க."

அவள் போய் உட்கார்ந்ததும் மற்றவர்களை ஒவ்வொருவராகப் பெட்டியருகே கூப்பிட்டேன்.

முதல் வாரமே ஒரு புத்தகம் மிளகாய்ச் சம்பல் கறையோடு வந்தது. இன்னொன்று மழையில் நனைந்து உப்பியது. ஒவ்வொரு கறையும் எனக்குள் ஒரு முள்ளாகக் குத்தியது, ஆனாலும் பெட்டியை மூடவில்லை. மூன்றாவது வாரம் வாசகர் தாள்களில் என் வகுப்பில் இல்லாத பெயர்கள் தென்பட்டன. ஒன்றில் "அப்பா" என்றே எழுதியிருந்தது. யார் இது என்று கேட்டதற்கு ஒரு பையன், "எங்கப்பாதான். ஃபேக்டரி பஸ்ஸுல படிச்சாரு. மீதியை நான் தரலைன்னு என்கூட சண்டை" என்றான். தவறான பதிவு என்று அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்காமல் விட்டேன்.

தவணை முடிவில் எண்ணினேன். முப்பத்தெட்டு. காணாமல் போன ஒன்றைக் கடைசியாக எடுத்தவன் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தான். மற்றொன்று கடலாமைப் புத்தகம். அவளைக் கூப்பிட்டேன்.

"இன்னும் பதினோரு பக்கம் இருக்கு" என்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "நான் மெதுவாத்தான் படிப்பேன், டீச்சர்."

எண்ணிக்கை குறைந்தால் பெட்டி கைவிட்டுப் போகலாம். வாங்கிவிடுவது எளிது, கையை நீட்டினால் போதும். "முடிச்சிட்டுக் குடு" என்றேன்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போகும்போது ஒரு தாளில் மூன்று தலைப்புகள் எழுதியிருந்தேன்: சேதமானவை, தொலைந்தது, திருப்பி வாங்காதது. அக்கா மூன்றாவதில் விரலை வைத்தார்.

"எங்க இருக்குன்னு தெரிஞ்சும் வாங்காமலா வந்தீங்க?"

"அவ முடிக்கல, அக்கா. பதினோரு பக்கம் இருக்கு. இது ஒரு தப்புன்னா என் பேருல எழுதிக்குங்க. ஆனா மத்த புத்தகங்களோட தாளைப் பாருங்க."

பார்த்தார். நின்றபடி தொடங்கியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சம்பல் கறையை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். 'அப்பா' வந்ததும் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்; நான் விஷயத்தைச் சொன்னேன். முப்பத்தெட்டையும் பார்த்து முடித்த பிறகு, தொலைந்ததற்கு ஈடாக அதே வாசிப்பு நிலைக்கேற்ற ஒரு புத்தகம் வாங்கித் தர வேண்டும் என்றார். கடலாமைப் புத்தகத்தை என் சொந்த நூலக அட்டையில் ஏற்றினார்.

"பெட்டி?" என்று கேட்டேன்.

"புதுப்பிச்சாச்சு. மூச்சு விடுங்க டீச்சர்."

நான் நகரவில்லை. என் பிள்ளைகள் அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போவார்கள்; அந்த வகுப்பில் பெட்டி கிடையாது. "ஐந்தாம் ஆண்டுக்கும் ஒரு பெட்டி வேணும், அக்கா."

"பேராசை லா உங்களுக்கு!"

"ஆமா" என்றேன்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். காத்திருக்கும் பள்ளிகளின் பட்டியல் அது. எங்களுக்கு முன்னால் நான்கு பெயர்கள். ஐந்தாவது வரியில் எங்கள் பள்ளியின் பெயரை எழுதி, பக்கத்தில் என் கைப்பேசி எண்ணையும் எழுதினேன்.