சூடம் அணைத்தவன்

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே வீட்டைக் கழுவிப் பரணையும் துடைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருஷம் என் முழங்கால் மறுத்துவிட்டதால் என் மனைவி ஏணியில் ஏறினாள். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனை மட்டும் சொன்னேன். பழைய பால்பவுடர் டப்பா ஒன்றைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, ஊறுகா கெட்டுப்போன வாடை அடிக்குது? பரண்ல கொண்டாந்து யாரு வச்சது?"

"அது ஊறுகா இல்ல. கீழ குடு."

"உள்ள என்னமோ கருப்புக் கருப்பா, ஒடஞ்ச வளையல் மாதிரி..."

"குடுன்னு சொல்றேன்ல!"

நான் குரலை உயர்த்துவது அபூர்வம் என்பதால் பேசாமல் கொடுத்துவிட்டாள். டப்பா கைக்கு வந்ததும் அந்தக் காடிப் புளிப்பு மூக்கில் ஏறியது. பழைய பிலிம் அழியும்போது இப்படித்தான் நாறுமாம், போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் சொன்னார். இருக்கலாம். எனக்கென்னவோ நாற்பது வருஷமாக மூடிவைத்த என் கோபம்தான் நாறுவதாகத் தோன்றியது. நான் காலையும் மாலையும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன். வெள்ளிக்கிழமை அம்மனைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அப்படிப்பட்டவனுக்கு இவ்வளவு வன்மம் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாதுதான். ஆனால் இருக்கிறதே, என்ன செய்ய?

நான் கல்லூரிப் படி ஏறியது இரண்டே வருஷம். எண்பதுகளின் தொடக்கம் அது. பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை, சினிமா மட்டும் நன்றாக ஏறியது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் மோகன். அவனுடைய தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது உள்ளங்கைக்கு அடங்கும் சினிமாக் காமிரா ஒன்றையும் நான்கு பிலிம் டப்பாக்களையும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு டப்பா மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். சத்தம் கிடையாது. பம்பாய்க்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். அதில் நெகட்டிவ் என்று தனியாக எதுவும் இல்லை. நாம் எடுத்த சுருளே கழுவி வரும், அதையே திரையில் ஓட்ட வேண்டும். உலகத்துக்கே ஒரே பிரதி. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளுக்குள்ளே மாணவர் படப் போட்டி ஒன்று அறிவித்தார்கள். கதை என்னுடையது. வறண்ட வைகையில் ஒருத்தி ஊற்றுத் தோண்டுகிறாள். சொட்டுச் சொட்டாகச் சுரந்து குடம் நிரம்புகிற நேரத்தில் ஒரு வழிப்போக்கன் வந்து தண்ணீர் கேட்கிறான். முழுக் குடத்தையும் சாய்த்துக் கொடுத்துவிட்டு அவள் மறுபடி தோண்டத் தொடங்குகிறாள். அம்புட்டுத்தான் கதை. கோச்சடையில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தாலே ஆறு தெரியும் என்பதால் எனக்கு வேறு கதையும் தெரியாது.

நடிக்க ஆள்தான் கிடைக்கவில்லை. கூடப் படித்த பெண்களிடம் கேட்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. வகுப்புத் தோழன் ஒருவனுக்குச் சேலை கட்டிச் சவுரி வைத்துப் பார்த்தோம். திருவிழாக் கூத்தில் கோமாளி வந்து நின்ற மாதிரி இருந்தது. கடைசியில் நான்தான் வீட்டில் போய் சரசக்காவிடம் கேட்டேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள், தையல் மிஷினே கதியாக இருந்தவள். எழுமலையில் உரக்கடை வைத்திருந்த மாப்பிள்ளைக்கு அவளைக் கேட்டு வந்து, பேச்சு ஏறக்குறைய முடிகிற நிலையில் இருந்த நேரம் அது.

"நடிக்கிறேன். ஆனா எம்மூஞ்சி தெரியக் கூடாது. முதுகு, கை, காலு, எது வேணாலும் எடுத்துக்கங்க. மூஞ்சி தெரிஞ்சா அப்பா என்னயக் கொன்னே போட்டுருவாரு" என்றாள் அக்கா.

"எங்கம்மா மேல சத்தியமா காட்ட மாட்டேன்க்கா" என்றான் மோகன்.

"அம்மா மேலல்லாம் வேணாம். ஐயனார் கோயிலுக்கு வா."

ஊர் எல்லை ஐயனார் சன்னதியில் அக்காவே சூடத்தைக் கொளுத்தினாள். எரிகிற சூடத்தை மோகன் உள்ளங்கையால் அடித்து அணைத்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. கோர்ட்டுக்குப் போகிற வழக்குக்கூட அதோடு தீர்ந்துவிடும். அவன் கையில் சின்னதாகக் கொப்புளம் வந்தது. "பாத்தியா மாப்ள, சாமி கையெழுத்து வாங்கிருச்சு" என்று சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன்.

முதல் நாள் படப்பிடிப்புக்கு முன் பூசை போடாமல் விடுவேனா? தேங்காய் உடைத்து, காமிராவுக்குச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டும் வைத்தேன். பக்தி மிகுந்துபோய்ப் பொட்டு லென்ஸ் ஓரத்தில் ஏறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பம்பாயிலிருந்து முதல் சுருள் வந்தபோதுதான் தெரிந்தது, படம் முழுவதும் வலது பக்க மேல்மூலையில் சிவப்பாக ஒரு தீற்றல்! "ஓம் பக்திய வச்சு வைகையில செவ்வானம் எடுத்துட்டியேடா" என்று மோகன் தலையில் அடித்துக்கொண்டான். இருந்ததே நான்கு சுருள் என்பதால் அதையும் சேர்த்துக்கொண்டோம்.

அட்டைப் பலகையில் ஈயத்தாள் ஒட்டி வெயிலைத் திருப்பி அக்கா மேல் அடிப்பது என் வேலை. எருமைகள் வந்தன, நிறுத்தினோம். துணி வெளுக்கிறவர்கள் சுற்றி நின்று, "எந்தத் தியேட்டர்ல தம்பி ரிலீசு? சண்டக் காட்சி உண்டா?" என்றார்கள், மறுபடி நிறுத்தினோம். காமிரா ஓடிக்கொண்டிருந்தபோதே நான் வெளிச்சம் சரியாக விழட்டும் என்று பின்னால் பின்னால் நகர்ந்து, அக்கா முதலில் தோண்டி விட்டிருந்த குழியில் பலகையோடு மல்லாக்க விழுந்தேன். தோண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கையிலிருந்த மணலைப் போட்டுவிட்டு, தலையை அண்ணாந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

"நிறுத்துடா, மூஞ்சி விழுந்துருக்கும்" என்று கத்தினேன்.

"வெட்டிருவேன் மாப்ள, வெட்டிருவேன்" என்றான் மோகன்.

வெட்டவில்லை.

போட்டி அன்று கல்லூரி அரங்கின் ஜன்னல்களில் கருப்புத் துணி கட்டியிருந்தார்கள். பகல் பதினோரு மணி, உள்ளே வேர்வை நாற்றம், புரொஜெக்டர் சூட்டில் தூசி பொசுங்கும் வாடை. கதை, இயக்கம் என்று மோகன் பெயர் மட்டும் வந்தது. சரி, போகட்டும் என்று இருந்தேன். முதுகு வந்தது, கை வந்தது, ஊற்று சுரந்தது. திடீரென்று சுவர் அகலத்துக்கு எங்கள் அக்காவின் முகம் வந்து சிரித்தது. அரங்கமே விசிலடித்தது. "மாப்ள, யாருடா இந்தக் கிளி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் கூட்டத்தில் எழுமலை மாப்பிள்ளையின் தம்பியும் உட்கார்ந்திருந்தான். அதே கல்லூரிதான்.

முதல் பரிசு எங்களுக்கு. கோப்பையோடு இறங்கியவனின் சட்டையைப் பிடித்தேன்.

"சூடத்த அணைச்சியேடா!"

"விடு மாப்ள, சட்ட கசங்குது. அந்த ஒரு ஷாட்டு இல்லன்னா கப்பு ஏது? சூடமாம் சூடம். காத்தடிச்சாக்கூடத்தான் அணையும்."

நண்பரே, அவன் படத்தில் என் பெயரைப் போடாததை எப்போதோ மறந்துவிட்டேன். இந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை.

எட்டாம் நாள் தரகர் வந்தார். "படத்துல ஆடுற புள்ள அவுகளுக்குத் தோதுப்படாதாம்ணே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அப்பா என் கல்லூரியை அன்றோடு நிறுத்தினார். அக்காவை ஒன்றும் சொல்லவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார். அடுத்தடுத்து வந்த இடமெல்லாம் அந்தச் சிரிப்பைக் கேள்விப்பட்டுத் திரும்பின. ஆறு வருஷம் கழித்து மேலூரில், அவளைவிடப் பதினாறு வயது மூத்தவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தோம். நல்ல மனுஷர்தான். ஆனாலும் தாலி கட்டிய நேரத்தில் நான் மோகனைத்தான் நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

இடையில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பரிசு வாங்கிய அதே மாதத்தில், அந்தச் சுருளைக் காட்டிச் சென்னையில் சினிமாப் படிப்பில் சேரப் போவதாக மோகன் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். "மோகன் வாங்கியாரச் சொன்னான்மா" என்று அவன் அம்மாவிடம் பொய் சொன்னேன். அந்த அம்மாள் இரண்டு தோசை சாப்பிட வைத்துத்தான் சுருளைக் கொடுத்தார்கள். அந்தத் தோசைக்கு மட்டும் இன்றும் என் மனம் உறுத்தும்.

நேராகத் திருப்புவனம் பஸ் ஏறி மடப்புரத்துக் காளியிடம் போனேன். அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். பிறகு காளி பார்த்துக்கொள்வாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியோடு காசைக் கல்லில் வைத்து உளியால் ஒரு போடு போட்டேன். அது போதவில்லை. சக்கரத்திலிருந்து சுருளைக் கழற்றி அதே கல்லில் வைத்து ஓங்கி அடித்தேன். சுற்றுச் சுற்றாக இருந்தது அத்தனையும் ஒரே அடியில் வளையல் துண்டுகளாகச் சரிந்தது.

பக்கத்தில் தன் கிணற்று மோட்டாரைத் திருடியவனுக்காகக் காசு வெட்ட வந்திருந்த ஒரு விவசாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசத்தான வெட்டணும் தம்பி? இது என்ன நாடா?"

"இதுலதாண்ணே எனக்குத் துரோகம் பண்ணவன் இருக்கான்."

அவர் ஒரு துண்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அடப்பாவி, இது பொம்பளப்புள்ளயால்ல இருக்கு! சிரிச்ச முகமா, நெத்திக்கு மேல குங்குமம் சிந்துன மாதிரி. இந்தப் புள்ளயா ஒனக்குத் துரோகம் பண்ணுச்சு?"

எனக்கு ஈரத்துணியிலும் குப்பென்று வேர்த்தது. காமிராவுக்குப் பின்னால் நின்றவன் எப்படிப் படத்தில் இருப்பான்? வெட்டக்கூடாத இடத்தில் வைத்து என் அக்காவை அல்லவா வெட்டியிருக்கிறேன்! "தாயே, இது அவ இல்ல, இது கணக்குல இல்ல" என்று காளியிடம் அழுதுகொண்டே ஒரு துண்டு விடாமல் பொறுக்கி வேட்டியில் கட்டிக்கொண்டேன். எரிக்கவும் பயம், ஆற்றில் விடவும் பயம். டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

காட்டச் சுருள் இல்லாமல் மோகனுக்குச் சென்னையில் இடம் கிடைக்கவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்குச் சில வருஷம் தாங்கியது. பிறகு அவன் வெளிநாடு போய் வசதியாகத் திரும்பினான். காளி என் மனுவை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள் போலும்.

போன மாதம் அவனே போன் செய்தான். நெஞ்சில் ஆபரேஷனாம். "சுருளு ஓங்கிட்டத்தான் இருக்குன்னு அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க மாப்ள. எனக்குத்தான் கேக்க மூஞ்சி இல்ல. நான் வாழ்க்கையில எடுத்த ஒரே படம்டா அது. ஒரே ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்."

"என்கிட்ட இல்ல" என்றேன். அந்தப் பக்கம் அவன் விசும்பியது கேட்டது. இரண்டாம் தடவை காபி குடித்த மாதிரி இனித்தது எனக்கு. உங்களிடமும் பொய் சொல்ல மனம் வரவில்லை, அதனால் அப்படியே சொல்கிறேன்.

திருவிழாவுக்கு வந்த அக்காவிடம் என் மனைவி டப்பாவைக் காட்டிவிட்டாள். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அக்கா ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை.

"இது நானாடா? எம்புட்டுச் சிரிச்சிருக்கேன்! எதுக்குடா சிரிச்சேன்?"

"நான் குழியில விழுந்தேன்ல."

"ஆமா ஆமா, பலகையும் நீயுமா!" இப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பல் பாதி இல்லை. "இதுக்கா இத்தன வருசம் பொருமிக்கிட்டுக் கெடந்த? எழுமலைக்காரன் மீசையே எனக்குப் பிடிக்கல, போ. மோகன் கேட்டான்னா ஒரு துண்டு குடுத்துரு. பாவம், நெஞ்சு வலிக்காரன்."

"சரிக்கா" என்றேன்.

கொடுக்கவில்லை. அவள் மன்னிக்கலாம், அது அவள் சொத்து. சூடம் எங்கள் ஐயனார் சன்னதியில் அணைந்தது. அதை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

இப்போது வைகையில் கையால் தோண்டினால் ஊறும் மணல் இல்லை, சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. ஜன்னலில் கருப்புத் துணி கட்டிய அந்த அரங்கத்தை இடித்து மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். பூசை முடிந்ததும் தினமும் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன். படம் மங்கிக்கொண்டே வருகிறது, நிறுத்த வழியில்லை என்றார் ஸ்டூடியோத் தம்பி. முழுக்க அழிந்த அன்று டப்பாவை மோகனிடம் கொண்டுபோய், "இந்தா, பாத்துக்கடா" என்று என் கையாலேயே கொடுப்பதாக முடிவு செய்திருந்தேன். நினைக்க நினைக்க இனித்தது.

ஆனால் இன்று காலை பார்க்கும்போது ஆறு மறைந்திருந்தது, குடம் மறைந்திருந்தது. மூலையில் என் குங்குமமும், அதற்குக் கீழே அக்காவின் பல்வரிசையும் மட்டும் மிச்சம். டப்பாவை அவசரமாக மூடினேன். மூடிய கையோடு, "தாயே, இது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன்.