ராஜையனும் இருபது டிகிரியும்

"கர்த்தாவே எறங்கி வந்து சொன்னாலும் செரி, நான் அளக்காத துண்டுக்கு எனக்கெ ஒப்பு விழாது!"

கோவளத்தில் ஒரு நட்சத்திர விடுதியின் குளுகுளு அரங்கில், முந்நூறு பேர் முன்னிலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ராஜையன் சொன்ன வாக்கியம் இது. ஒப்பு என்றால் அந்த ஊரில் கையெழுத்து. மாநில அரசு நடத்திய விண்வெளித் தொழில்முனைவோர் மாநாடு அது. அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. ஒரு செயலாளர் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் தம் பேச்சில் தம்முடையதாகவே சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உதியன்குளங்கரை சபையில் போதகர் மட்டும், கர்த்தரை அதற்குள் இழுத்திருக்க வேண்டாம் என்று அபிப்பிராயப்பட்டார். அளக்காத துண்டில் கையெழுத்துப் போடச் சொல்லுகிற கர்த்தர் தம்முடைய கர்த்தர் அல்ல, ஆகையால் பேச்சில் பிழை இல்லை என்று ராஜையன் பதில் சொன்னார்.

இப்படிப்பட்ட மகானின் சரித்திரத்தைச் சுருக்கமாகவாவது எழுதிவைப்பது நாட்டுக்கு நல்லது.

ராஜையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகிற வழியில் உதியன்குளங்கரையில் தகரக் கூரை போட்ட பட்டறை. இரண்டு லேத்துகள், ஐந்து தொழிலாளிகள். அவர்கள் செய்வது ஒரே ஒரு பொருள்: சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் அலுமினிய வளையம். ராக்கெட்டில் எரிபொருள் குழாய்கள் கூடுகிற இடத்தில் அது போய் உட்காரும். ஒரு தலைமுடியை ஏழாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு பிசகலாம்; அதற்கு மேல் பிசகினால் கசியும். கசிந்தால் என்ன ஆகும் என்று தொழிலாளிகள் கேட்டால் ராஜையன் விளக்கமாட்டார். மேலே கையைக் காட்டி, பிறகு கீழே காட்டுவார்.

அலுமினியத்துக்குச் சூடு ஆகாது. வெயிலில் வளையம் வீங்கும், மழையில் சுருங்கும். உலகத்தில் எங்கே அளந்தாலும் இருபது டிகிரியில் அளந்ததே அளவு என்பது இந்தத் தொழிலின் வேதம். திருவனந்தபுரத்தில் இருபது டிகிரி என்பது மார்கழியிலும் கிடைக்காது. ஆகவே ராஜையன் வளையங்களையும் மைக்ரோமீட்டரையும் ஒரே கல்மேடையில் ராத்திரி முழுக்கச் சேர்த்துக் கிடத்துவார். கோழி கூவும்போது எழுந்து அளப்பார். அன்றைய சூட்டுக்கு எவ்வளவு கழிக்க வேண்டுமோ அதை நோட்டில் கணக்குப் போட்டுக் கழிப்பார். பதினோரு வருடமாக வளையங்களை வாங்குகிற பெங்களூரு கம்பெனி அந்தக் கணக்கை நம்பியது. ஒருமுறை நாற்பது வளையங்கள் அந்தப் பங்குக்கு மேல் இம்மி கூடிப்போயின. "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று கம்பெனியே சொல்லியும், ராஜையன் அவற்றை ரம்பத்தால் இரண்டிரண்டாக அறுத்துப் போட்டார். அவர் மனைவி ராகேல் அன்று சொன்னது: "அறுக்காம வச்சிருந்தா நான் பானைக்கு அடியில போட்டிருப்பேனே!"

சென்ற வருடம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகிற மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு நோட்டுக் கணக்கு செல்லாது. இருபது டிகிரி நிலையாக நிற்கும், அங்கீகாரம் பெற்ற அறையில் அளந்த அறிக்கையோடு அன்றைக்குள் இருபத்து நான்கு வளையங்கள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் வேலை ஓசூருக்குப் போகும். வேலை ஓசூருக்குப் போனால் ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்; லேத்துகள் பழைய இரும்புக்குப் போகும். அப்படி ஓர் அறை கட்ட வேண்டுமானால் ராஜையன் பட்டறையையும் வீட்டையும் விற்றாலும் சுவர் வரைக்கும்தான் எழும்பும்.

இந்த இடத்தில்தான் அரசு கை கொடுத்தது.

அனந்தகிரி விண்வெளித் தொழில்வளாகம் என்று ஒன்று அதற்கு முன்பே இருந்தது, பெரும்பாலும் காகிதத்தில். அதன் கொள்கை விளக்கப் புத்தகம் எழுபத்திரண்டு பக்கம், வழவழப்பான தாள். அட்டையில் ஒரு கெட்டுவள்ளப் படகு, அதற்குப் பின்னால் ராக்கெட் கிளம்புகிறது, ஓரத்தில் விழிஞ்ஞம் துறைமுகம். நாற்பத்தோராம் பக்கத்தில், சிறு பட்டறைகளுக்காக இருபது டிகிரியில் ஒரு பொது அளவை அறை கட்டித் தரப்படும் என்று அச்சிட்டிருந்தது. ராஜையன் அந்தப் பக்கத்தைக் கிழித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அரசு சும்மா இருக்கவில்லை. அடிக்கல் நாட்டியது. பணி தொடக்க விழா நடத்தியது. பகுதித் திறப்பு விழா என்று இன்னொன்றும் நடத்தியது. எந்தப் பகுதி திறந்தது என்பது ஆராய்ச்சியாளர்களுக்கே விடப்பட்டது. இருபது டிகிரியை எப்படிக் காப்பது என்று கற்றுவர ஐந்து அதிகாரிகள் பிரான்சுக்குப் போனார்கள். அவர்கள் போனது ஜனவரியில். அங்கே குளிர் இயற்கையாகவே அதிகம் என்பதைக் கண்டறிந்து, ஸ்வெட்டர்களோடு திரும்பினார்கள்.

ஆனாலும் அறை வந்துவிட்டது. அதுதான் ஆச்சரியம். வெள்ளைத் தரை, இரட்டைக் கதவு, நடுவே கருங்கல் மேடையில் ஜெர்மனிக்காரன் செய்த அளவை இயந்திரம். பிப்ரவரி கடைசியில் ராஜையன் கிழக்கேகோட்டையில் பஸ் மாறி அங்கே போய், மாப்பிள்ளை பார்க்கிறவர்போல அந்த இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தார். இருபத்தைந்து.

வளாகத்தின் துணை மேலாளர் உமாசங்கர் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்து ஆள். நல்லவர், நல்லவராக இருப்பதைத் தவிர அவருக்கு வேறு அதிகாரம் எதுவும் தரப்பட்டிருக்கவில்லை.

"சாரே, இருவது வேணும். இது இருவத்தஞ்சாக்கும்."

"தெரியும் ராஜையன். என்ன பண்றது? மின்சாரத்தை மிச்சம் பிடிக்கணும்னு சர்க்குலர் இருக்கு. சர்க்கார் கட்டிடத்தில ஏசியை இருபத்தஞ்சுக்குக் கீழ வைக்கப்படாது. பெட்டி போட்டுப் பூட்டியிருக்கா. சாவி மின்பிரிவில."

"அப்போ இருவதுக்குன்னு ரூமைக் கெட்டுனது எதுக்கு?"

"கட்டினது தொழில்துறை. சர்க்குலர் மின்துறை. ரெண்டும் வேற வேற கட்டிடம், கேட்டேளா? விலக்கு கேட்டு ஃபைல் அனுப்பியிருக்கேன். ஒண்ணும் பேடிக்க வேண்டாம்."

அந்தக் கோப்பு போன பாதை தனியாகப் பாடத்தக்கது. முதலில் ஒரு கேள்வி வந்தது: அந்த அறையில் எத்தனை பேர் உட்காருவார்கள்? உமாசங்கர் எழுதினார்: யாருமில்லை, வளையங்கள் மட்டும். இரண்டாவது கேள்வி: ஆள் இல்லாத அறையில் யாருடைய சௌகரியத்துக்காகக் குளிர் கேட்கப்படுகிறது? உமாசங்கர் அலுமினியத்தின் குணத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். மூன்றாவது கேள்வி மார்ச் இருபதாம் தேதி வந்தது: வளையத்தை இருபத்தைந்து டிகிரிக்குப் பொருத்தமாகச் செய்ய இயலுமா என்று உற்பத்தியாளரிடம் கேட்டு அறிக்கை தரவும்.

உமாசங்கர் அதைப் படித்துக் காட்டியதும் ராஜையன் தாளை வாங்கித் தாமும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"ராக்கெட்டையும் இருவத்தஞ்சுக்குச் செய்யச் சொல்லி எழுதிப்போடுங்க சாரே. பின்னே மேலயும் இருவத்தஞ்சு ஆக்கிப்போடலாம்."

"அதெல்லாம் எழுதினா எனக்கு மெமோ வரும், ராஜையன்."

மார்ச் முப்பத்தொன்றாம் தேதியை அமைச்சரே திறப்பு விழாவுக்குத் தேர்ந்தெடுத்தார். நிதியாண்டு முடிவதற்குள் அறை திறந்தாக வேண்டும். விழாவில் வளாகத்தின் முதல் அளவை அறிக்கை, முதல் பயனாளியான ராஜையனுக்கு வழங்கப்படும். அன்று மாலை ஐந்து மணிக்குக் கூரியர் வண்டி வாசலில் நிற்கும். விமானத்தில் ஏறி ராத்திரிக்குள் பெட்டி பெங்களூருக்குப் போய்விடும். எல்லாமே ஒரே நாளில் கூடிவந்ததை ராஜையன் கர்த்தரின் செயல் என்றே எண்ணினார்.

முந்தின நாளே வளையங்களைக் கொண்டுபோய் மேடையில் வைத்தார். இருபத்தைந்தானாலும் நிலையாக நின்றால், பழைய கணக்கையாவது போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் காலையில் அளக்கப் போனபோது உள்ளே பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. வளையங்கள் ஒரு மூலையில் இருந்தன, மேலே சாமந்தி மாலைக் கூடை. இயந்திரத்தின் கையில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். விழா முடிகிறவரை அதை அசைக்கக்கூடாது.

பட்டறையில் அளவுகளைக் குறிக்கிற பெண் சுமி, நோட்டும் பேனாவுமாகக் கதவோரம் நின்றாள். "மாமா, எப்ப தொடங்குவாங்க?"

"பொறு மோளே. மந்திரி போவட்டு."

அமைச்சர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக, மூன்று மணிக்கு வந்தார். அவரோடு நாற்பது பேர் உள்ளே நுழைந்தார்கள். தொலைக்காட்சி விளக்குகள் எரிந்தன. வெப்பமானி முப்பதைத் தொட்டது. அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எந்தொரு சூடாணு இது!" என்றார்.

பிறகு நடந்ததை ராஜையன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார். மின்பிரிவு அதிகாரி, தொந்தி குலுங்க ஓடினார். சாவி வந்தது. பெட்டி திறந்தது. ஏசி பதினெட்டில் வைக்கப்பட்டது. ஒரு மாதமாக இரண்டு துறைகள் கூடி ஆராய்ந்த பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

ராஜையன் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு. இருபத்தாறு. அமைச்சர் ராஜையனின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, "எல்லாம் சரிதானல்லே, சேட்டா?" என்று மைக்கை நீட்டினார். ராஜையன் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து உமாசங்கர் சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது.

"எல்லாம் செரியாக்கும் சாரே" என்றார்.

அமைச்சர் நின்ற நேரம் இருபத்தைந்து நிமிடம். அவர் படியிறங்குகையில் வெப்பமானி இருபதில் நின்றது. அது இருபதுதான், சந்தேகமில்லை. ராஜையன் மூலைக்குப் போய் ஒரு வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உலோகம் குளிரவே தொடங்கவில்லை. இன்னும் ஒரு ராத்திரியாவது கிடந்தால்தான் காற்றின் குளிர் அதற்குள் இறங்கும்.

"சாரே, அந்தச் சாவி நாளைக் காலம்பற வரைக்கும் இஞ்ச இருக்கட்டும். ஒரே ஒரு ராத்திரி."

உமாசங்கர் பதில் சொல்லும் முன்பே மின்பிரிவு அதிகாரி வந்து இருபத்தைந்தை வைத்தார், பெட்டியைப் பூட்டினார், சர்க்குலரை மீறியதற்கு அமைச்சரின் வாய்மொழி உத்தரவு என்று பதிவேட்டில் எழுதினார், போய்விட்டார்.

மணி நாலேகால். உமாசங்கர், விழாவில் வழங்கிய அச்சடித்த அறிக்கைத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அறையின் வெப்பநிலை என்ற இடத்தில் இருபது என்று முன்பே அச்சாகியிருந்தது. கீழே இருபத்து நான்கு வரிகள் காலி.

"ராஜையன், நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க பதினோரு வருஷமா பண்றேள். ஒண்ணாவது தப்பிப் போயிருக்கா? உங்க கைக்குத் தெரியாததா?"

"கைக்குத் தெரியும் சாரே. அது அளவில்ல."

"ஓசூர்காரன் போன வாரம் பெங்களூருக்குப் போயிட்டு வந்தானாம். காதில விழுந்தது." அவர் தலை குனிந்துகொண்டார். "வண்டி அஞ்சு மணிக்கு. நான் வெளியில இருக்கேன்."

ராஜையன் சுமியைக் கூப்பிட்டார்.

"நீ போயி சாயா குடிச்சிட்டு வா, மோளே."

"எனக்கு வேண்டாம் மாமா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

"போன்னு சொன்னேன்லா. ஷாஜியையும் கூட்டிட்டுப் போ. லேத்துல நின்னு காலு வலிக்கும் அவனுக்கு."

லேத் ஓட்டுகிற ஷாஜி உதியன்குளங்கரையில் இருக்கிறான், இன்று இங்கே வரவே இல்லை. சுமி அதைச் சொல்லவில்லை. நோட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

ராஜையன் இரட்டைக் கதவைச் சாத்தினார். முதல் வரியில் வரைபடத்திலிருக்கிற அளவை அப்படியே எழுதினார். இரண்டாவதிலும் அதையே எழுதப்போய் நிறுத்தினார். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் பெங்களூரில் யாரும் நம்பமாட்டார்கள். லேத் அப்படிக் கடையாது. இரண்டாவதில் மூன்று மைக்ரான் கூட்டினார். மூன்றாவதில் இரண்டு குறைத்தார். பத்தாவதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார், ஏனென்றால் பத்து வளையம் கடைந்த பிறகு லேத்தின் கத்தி தேயும், அளவு ஏறும். பதினெட்டாவதில் சட்டென்று இறக்கினார். கத்தியை மாற்றியிருப்பார்கள் அல்லவா. பதினோரு வருட அனுபவமும் தவறாமல் அந்தத் தாளில் வந்து இறங்கியது. அவ்வளவு உண்மையான அறிக்கையை அவர் முன்பு எழுதியதில்லை.

கடைசி வரி முடிந்ததும், ஒப்புப் போடுகிற இடத்தில் பெயரை முழுதாக எழுதி, கீழே கோடு இழுத்தார்.

வண்டி போன பிறகு ராகேல் கைப்பேசியில் கூப்பிட்டாள். பெட்டி போயிற்றா என்று கேட்டாள்.

"போச்சு."

"எல்லாம் அளந்து பாத்தியளா? செரியா இருந்துதா?"

"இருந்துது" என்றார் ராஜையன்.